சபைக்கு ஒரு ஆப் போடலாமா என்று கமிட்டியில் கேட்டால்

2020 ஜனவரி 31-ஆம் தேதி பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாடு முழுக்க ஏறத்தாழ 78,000 பேர் அன்று ஒரே நாளில் வெளியே வந்தோம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஊரடங்கு வந்துவிட்டது. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 புனித வெள்ளி, 12 ஈஸ்டர். மூன்றுக்கும் கோயில் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஐயர் (சபைக் குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் பண்ணி, "நீங்க டெலிபோன்ஸ்ல இருந்தவங்க, சபைக்கு ஏதாவது வழி பண்ணுங்கம்மா" என்றார். அன்று கையில் எடுத்த வேலையை இன்றுவரை இறக்கி வைக்கவில்லை. அப்புறம் சேகரச் செயலர் பொறுப்பும் வந்து சேர்ந்தது.

எங்களுடையது பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம். தாய் சபை ஒன்று, அதைச் சுற்றி நாலு சின்ன சபைகள். எல்லாவற்றுக்கும் ஒரே குருவானவர். பக்கத்துச் சேகரங்களிலிருந்து மாதத்துக்கு ஒருவராவது என்னைக் கூப்பிட்டு, "அக்கா, எங்க சபைக்கு ஒரு ஆப் போடலாம்னு இருக்கோம், என்ன சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் முக்கால் மணி நேரம் சொல்லுவதை இங்கே எழுதி வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சபைகளுக்குத் தனியாக ஆப் தேவையில்லை. தேவைப்படுகிற சபைகளும் ஆப் செய்வதற்கு முன்னால் சில வேலைகளை முடித்தாக வேண்டும். அந்த வேலைகளை ஒழுங்காகச் செய்தாலே பாதிப் பேருக்கு ஆப் எண்ணம் போய்விடும்.

முதலில் ஒரு நோட்டை எடுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். நாலு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஒருவர் நோட்டோடு நிற்கட்டும். வாரநாளில் சேகர ஆபீசில் இன்னொருவர். சபையார் ஐயரிடமோ ஆபீசிலோ, ஐயருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடமோ என்ன கேட்கிறார்கள் என்பதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். கமிட்டியில் உட்கார்ந்து "சபைக்கு என்ன தேவை" என்று யோசித்தால், நமக்குப் பிடித்ததுதான் பட்டியலில் வரும்.

நாங்கள் செய்தபோது திரும்பத் திரும்ப வந்த கேள்விகள் இவை. அடுத்த வாரம் ஆராதனை எத்தனை மணிக்கு? எங்களுக்கு இது பெரிய கேள்வி, ஏனென்றால் ஐயர் எந்தச் சபைக்கு முதலில் போகிறார் என்பதைப் பொறுத்து நேரம் மாறும். அடக்க ஆராதனை எப்போது, வீட்டிலா கோயிலிலா? சங்கக் காணிக்கை (குடும்பங்கள் சபைக்குக் கட்டும் சந்தா) எதுவரை கட்டியிருக்கிறேன், ரசீது கிடைக்குமா? பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டுக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வேண்டும், என்ன கொண்டு வரணும்? கல்யாண மண்டபம் எந்தத் தேதி காலி?

நாலு வாரமும் பிரசங்க வீடியோ வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேதாகமம் போனில் வேண்டும் என்றும் கேட்கவில்லை. அது ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறது. யூவெர்ஷன் பைபிள் ஆப் 2008-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் அதில் உண்டு. ஆனால் ஆப் விற்க வந்த நிறுவனம் காட்டிய மாதிரியில் முதல் இரண்டு பொத்தான்களும் இவைதான்: பைபிள், பிரசங்க வீடியோ. ஆராதனை நேரம் மூன்றாவது திரையில் போய் ஒளிந்திருந்தது.

அடுத்தது போன் கணக்கு. யார் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, அது பகலில் யார் கையில் இருக்கிறது என்பது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரு போன். அது பேரனோடு காலேஜுக்குப் போய்விட்டு மாலை ஆறு மணிக்குத்தான் திரும்பி வரும். ஆச்சியிடம் பட்டன் போன். போன் இருக்கிற பலருக்கும் உள்ளே இடம் இல்லை, குட்மார்னிங் படங்களால் நிறைந்து கிடக்கும். புது ஆப் ஏற்ற வேண்டுமென்றால் பழையது ஒன்றைத் தூக்க வேண்டும், முதலில் தூக்கப்படுவது வாரத்துக்கு ஒருமுறை திறக்கிற சபை ஆப்தான். இந்தக் கணக்கை வீடு வீடாகப் போய் எடுங்கள். வாலிபர் சங்கப் பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக அனுப்பினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். போன வீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஜெபித்துவிட்டும் வருவார்கள்.

எங்களிடம் ஏற்கனவே ஒரு ஆப் இருந்தது

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 2018-இல் எங்கள் வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் ராத்திரி கண் விழித்து, சேகரத்துக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தார். ஒரு ரூபாய் வாங்கவில்லை. கூகுள் பிளே ஸ்டோரில் கணக்குத் திறக்க வேண்டிய 25 டாலரையும் தன் கையிலிருந்தே கட்டினார். அறுப்பின் பண்டிகையன்று ஐயர் பலிபீடத்துக்கு முன்னால் நின்று அதைத் தொடங்கி வைத்தார். எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த வருடம் அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. கணக்கு அவருடைய சொந்த ஜிமெயிலில் இருந்தது. புது ஊர், புது நம்பர், பழைய சிம் போய்விட்டது, கடவுச்சொல்லை மீட்க முடியவில்லை. ஆப் மட்டும் ஸ்டோரில் அப்படியே நின்றது. ஊரடங்கு தளர்ந்த பிறகு ஆராதனை நேரத்தை மாற்றினோம். ஆப் பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் தகப்பனாருடைய முதலாம் நினைவு நாளுக்கு ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணி வந்தார்கள். ஆப் பார்த்து எட்டரைக்கு வந்தார்கள். ஆராதனை ஏழு மணிக்கே தொடங்கி முடிந்து, ஐயர் அடுத்த சபைக்குக் கிளம்பியிருந்தார். அந்த அம்மா காணிக்கைக் கவரைக் கையில் பிடித்தபடி காலியான கோயிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இன்றும் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தத் தம்பியிடம் எந்தக் குறையும் இல்லை. "நீ ஊரில் இல்லாதபோது இதை யார் பார்ப்பார்கள்?" என்று கமிட்டி கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. ஆகவே ஆப் பற்றிப் பேச்சு எடுக்கிற எந்தச் சபையிலும் நான் முதலில் கேட்பது இதுதான்: சனிக்கிழமை சாயங்காலம் ஆராதனை நேரத்தையும் பாட்டு எண்களையும் ஏற்றப் போகிறவர் யார்? அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார்? மூன்று வருடம் கழித்து யார்? மூன்று பெயர் சொல்ல முடியாவிட்டால் பேச்சை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நம் சபைகளுக்கு இது புதுப் பாடமும் இல்லை. தமிழில் புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சாகியது. கப்பலில் அச்சு எந்திரம் வந்து இறங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. எழுத்து வார்க்க வேண்டியிருந்தது, காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பொறையாறில் காகித ஆலை வைக்க வேண்டியிருந்தது, எழுத்துக் கோக்கவும் திருத்தவும் ஆள் பழக்க வேண்டியிருந்தது. மிஷனரி சீகன்பால்க்கும் அவரோடு இருந்தவர்களும் அதையெல்லாம் செய்ததால்தான் அச்சு வேலை நிலைத்தது.

ஒவ்வொரு தேவைக்கும் இருப்பதிலேயே எளிய வழி

இப்போது நோட்டைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, ஏற்கனவே சபையார் கையில் இருக்கிற எதை வைத்து இதைத் தீர்க்கலாம் என்று எழுதுங்கள்.

ஆராதனை நேரம், பாட்டு எண்கள், அறிவிப்புகள்: இவற்றுக்கு வாட்ஸ்அப் சேனல் போதும். குரூப் வைக்காதீர்கள். நாங்கள் ஊரடங்கில் குரூப்தான் தொடங்கினோம். இரண்டே வாரத்தில் வாழ்த்துப் படங்களுக்கு நடுவே ஆராதனை நேரத்தைத் தேட வேண்டிய நிலை வந்துவிட்டது. அதைவிட முக்கியமான காரணம், குரூப்பில் எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் சபைப் பெண் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தெரியாத நம்பர்களிலிருந்து செய்தி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சேனலில் நிர்வாகி மட்டுமே எழுத முடியும், பின்தொடர்பவர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு அது வந்ததும் நாங்கள் மாறிவிட்டோம். சேனலுக்கு நிர்வாகிகளாகக் குறைந்தது மூன்று பேரைப் போடுங்கள். அதில் ஒன்று சேகர ஆபீஸ் நம்பராக இருக்கட்டும்.

பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று உண்டு. நம்முடைய நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அதில் அனுப்புவது போய்ச் சேரும். பாதிப் பேருக்குப் போகாது, போகவில்லை என்பதும் நமக்குத் தெரியாது. சபை அறிவிப்புக்கு அதை நம்ப வேண்டாம்.

சர்டிபிகேட், மண்டபம், அசனப் பண்டிகைக்கு (சபை விருந்துக்கு) அரிசி தருவதாக வாக்குப் பண்ணுவது: ஒரு கூகுள் படிவம், ஒரு விரிதாள். எங்கள் ஆபீஸ் கிளார்க் அரை நாளில் கற்றுக்கொண்டார். ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி சேனலில் போட்டிருக்கிறோம். அதிலேயே ஆபீஸுக்கு வீண் நடை பாதி குறைந்தது.

நிரந்தரமான விவரங்கள், அதாவது முகவரி, ஆராதனை நேர அட்டவணை, ஐயர் நம்பர், சபை வரலாறு: இதற்கு ஒரு சாதாரண இணையப் பக்கம். போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து, உலாவியின் மெனுவில் 'முகப்புத் திரையில் சேர்' என்பதை அழுத்தினால் ஆப் மாதிரியே ஒரு சின்னம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டோரும் வேண்டாம், 25 டாலரும் வேண்டாம். என் கூடப் பிறந்தவன் வீட்டில் இதைச் செய்து காட்டியபோது, "சபை ஆப் வந்துட்டா?" என்றுதான் கேட்டார்கள். கூகுள் மேப்பில் கோயிலின் இடத்தையும் நேரத்தையும் சேகரத்தின் பெயரில் சரிபார்த்து வையுங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பாட்டுப் புத்தகம் பற்றித் தனியாக ஒன்று. பாமாலை, கீர்த்தனைகளைப் போனில் கொண்டுவர ஆசைப்படுவது நியாயம்தான். நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிற பழைய பாட்டுத் தாள்கள் பெரும்பாலும் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் அடித்தவை. அப்படியே எடுத்துப் போட்டால் போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். முதலில் எல்லாப் போனிலும் தெரிகிற பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு மனிதர் வரி வரியாகப் படித்துத் திருத்தத்தான் வேண்டும், ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறியிருக்கும். உரிமையையும் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருடம் வரை பாட்டுக்கு உரிமை உண்டு. பழைய கீர்த்தனைகள் பலவற்றுக்குச் சிக்கல் இல்லை. கன்வென்ஷனில் பாடுகிற புதுப் பாட்டுகளுக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும்.

காணிக்கை

பணம் வருகிற இடத்தில் நிதானமாக இருங்கள். ஆப் வேண்டும் என்று கேட்கிற கமிட்டிகளில் பாதிக்கு மேல் உள்ளே இருக்கிற காரணம் இதுதான், அதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிற பிள்ளைகள் சொந்தச் சபைக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். அதற்கு யுபிஐ இருக்கிறது. வங்கியில் சபையின் கணக்கிலேயே க்யூஆர் வாங்கி, ஸ்கேன் பண்ணினால் சபையின் பெயர் வருகிறதா என்று பார்த்து, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஐயர் பெயரிலோ பொருளாளர் பெயரிலோ ஒரு நாள்கூட வாங்க வேண்டாம். அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும் சரி, மாறுதலாகிப் போகும்போது கணக்கு ஒப்படைப்பது கஷ்டம், வீண் பேச்சும் வரும். வாரம் ஒருமுறை வங்கிக் கணக்கைப் பார்த்து ரசீது எழுத ஒருவர், அதைச் சரிபார்க்க வேறொருவர்.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு முக்கியமான கோடு இருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அவருடைய அண்ணன் லண்டனில் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், அவர் அனுப்புவது சேரும். அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் திறந்த கணக்கில்தான் அதை வாங்க முடியும். ஆப்பில் பொதுவாக 'காணிக்கை கொடு' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டால் இந்த இருவரையும் அது பிரித்துப் பார்க்காது. தணிக்கையில் மாட்டிக்கொண்டு தவிப்பது பொருளாளர். திருமண்டல (பல சேகரங்கள் சேர்ந்த மேல் அமைப்பு) ஆபீசில் கேட்டுத் தெளிவு பெற்ற பிறகே வெளிநாட்டு மக்களுக்குக் க்யூஆர் அனுப்புங்கள்.

ஐபோன் ஆப்பில் இன்னொரு சிக்கல். ஆப்பிளிடம் லாபநோக்கற்ற அமைப்பாக ஒப்புதல் வாங்காதவர்கள் ஆப்புக்குள்ளேயே நன்கொடை வாங்க முடியாது, வெளியே உலாவிக்கு அனுப்பித்தான் வாங்க வேண்டும். அப்படியென்றால் இணையப் பக்கமே போதுமே என்று எங்கள் பொருளாளர் கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஜெபக் குறிப்புகளும் சபைப் பட்டியலும்

ஜெபக் குறிப்பு அனுப்ப ஒரு பகுதி இல்லாத சபை ஆப்பை நான் பார்த்ததில்லை. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். எங்கள் பழைய குரூப்பில் ஒரு தாயார் தன் மகளுக்காக ஜெபிக்கும்படி எழுதினார், ஆஸ்பத்திரிப் பெயரும் வார்டும் உட்பட. நல்லெண்ணத்தில் ஒருவர் அதை வேறு குரூப்புக்கு அனுப்ப, ராத்திரிக்குள் சொந்தபந்தம் முழுவதும் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு ஆறு மாதம் கோயிலுக்கு வரவில்லை. நான் டிரங்க் கால் போர்டில் உட்கார்ந்த காலத்தில் சாவுச் செய்தியும் சண்டையும் காதில் விழும். வெளியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தந்தது. சபைக்கும் அந்த ஒழுக்கம் வேண்டும். எங்கள் ஏற்பாட்டில் ஜெபக் குறிப்பு ஐயர் நம்பருக்கும் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி நம்பருக்கும் மட்டும் போகும். சபையில் சொல்லலாமா என்று திரும்பக் கேட்டு, சரி என்றால்தான் பெயர் வாசிப்பார்கள். மற்றபடி "சுகவீனமாக இருக்கும் ஒரு சகோதரி" என்பதோடு சரி.

சபைப் பட்டியலும் அப்படித்தான். பெயர், வீடு, பிள்ளைகளின் வயது, கல்யாண நாள், சங்கக் காணிக்கை பாக்கி எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் அது சின்ன விஷயம் இல்லை. திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போது அந்தப் பட்டியலை யார் யாரோ கேட்பார்கள். சேகரத்தில் பொறுப்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2023-இல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சம்மதம் வாங்கியே விவரம் சேகரிக்க வேண்டும் என்பதும், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் படத்தைப் பெயரோடு போடுவதை இப்போதே நிறுத்துங்கள். விபிஎஸ் (பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி) பதிவுப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு வரி சேருங்கள். பட்டியல் யார் யாரிடம் இருக்கிறது என்று கமிட்டி நோட்டில் எழுதி, பொறுப்பு மாறும்போது திரும்ப வாங்குங்கள்.

அப்படியும் ஆப் வேண்டும் என்றால்

வேண்டிய இடங்கள் உண்டு. ஆயிரக்கணக்கில் குடும்பங்கள், ஞாயிறன்று மூன்று நாலு ஆராதனை, சம்பளத்துக்கு ஆபீஸ் ஆள் இருக்கிற நகரத்துப் பெரிய சபைகள் நடத்த முடியும். அதைவிட, திருமண்டலம் ஒன்று சேர்ந்து எல்லாச் சேகரங்களுக்கும் ஒரே ஆப் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தினசரி வேதபாடம், பாட்டுப் புத்தகம், சேகரங்களின் முகவரி, ஆராதனை முறை எல்லாம் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு சேகரமும் தன் நேரத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். எதற்கு நூறு சபை நூறு ஆப் செய்து நூறு இடத்தில் கெட்டுப்போக வேண்டும்?

செய்வதென்று தீர்மானித்தால் இவற்றைக் கமிட்டித் தீர்மானமாகவே எழுதுங்கள். ஸ்டோர் கணக்கு சேகரத்தின் அல்லது திருமண்டலத்தின் பெயரில், ஆபீஸ் மின்னஞ்சலில், ஆபீஸ் போன் நம்பரில் இருக்க வேண்டும். அமைப்பின் பெயரில் திறக்க, அமைப்பை அடையாளம் காட்டுகிற டன்ஸ் எண் என்று ஒன்று கேட்பார்கள், அதற்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்துக்குப் பயந்து யாராவது தம்பியின் தனிக்கணக்கில் போட்டுவிடாதீர்கள். இப்போது புதுத் தனிக்கணக்கு என்றாலும் 12 பேர் 14 நாள் தொடர்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் கூகுள் வெளியிட விடும், அங்கேயும் குறுக்கு வழி இல்லை. கூகுளுக்கு 25 டாலர் ஒருமுறை. ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர், கட்டாமல் விட்டால் ஆப் ஸ்டோரிலிருந்து இறங்கிவிடும்.

செய்த பிறகும் செலவு உண்டு. ஆண்ட்ராய்டு புதுப் பதிப்புக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்கும்படி கூகுள் ஆண்டுதோறும் கேட்கும். செய்யாமல் விட்டால் புதுப் போன் வாங்கியவர்கள் தேடினாலும் ஸ்டோரில் கிடைக்காது. அதனால் பட்ஜெட்டில் முதல் வருடச் செலவை மட்டும் போடாமல், மூன்று வருடத்துக்குப் போடுங்கள்.

விற்க வருகிறவர்களிடம் நான் கேட்பது நாலு கேள்வி. கணக்கு யார் பெயரில்? எங்கள் விவரம் முழுவதையும் எக்செல்லில் ஒரே நாளில் தருவீர்களா? மாதக் கட்டணத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? நீங்கள் செய்து கொடுத்த வேறு சபைகளின் ஆப் எவை? கடைசிக் கேள்விக்குப் பதில் வந்ததும் பிளே ஸ்டோரில் அவற்றைத் திறந்து, எப்போது புதுப்பித்தார்கள் என்ற தேதியைப் பாருங்கள். எங்களிடம் வந்த நிறுவனம் பெருமையாகக் காட்டிய ஆப்பில் ஒன்று இரண்டு வருடமாகத் தொடப்படாமல் கிடந்தது. ஒரே அச்சில் பெயரை மட்டும் மாற்றிச் செய்கிற ஆப்களை, செய்து கொடுக்கிற நிறுவனம் தன் கணக்கில் ஏற்ற ஆப்பிள் விடுவதில்லை, உரிய அமைப்பே ஏற்ற வேண்டும் என்கிறது. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியிடும் முன் சபையிலேயே மூத்த மூன்று அம்மாக்கள் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லித் தராமல், "அடுத்த ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்குன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அந்த அளவில் பொத்தான்களும் தமிழும் திரைக்குள் நிற்கின்றனவா என்று பாருங்கள். அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் திருப்பி அனுப்பிச் சரிசெய்யச் சொல்லுங்கள், எத்தனை தடவை ஆனாலும்.

போன் இல்லாத வீடுகள்

ஆப் செய்தாலும் சேனல் வைத்தாலும் இந்தப் பகுதியை விடவே கூடாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சபையில் ஒரு சாவு என்றால் கோயில் மணி விட்டு விட்டு மெதுவாக அடிக்கும். ஊரே கையில் இருக்கிற வேலையை விட்டு, "யாரு?" என்று வாசலுக்கு வரும். உபதேசியார் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார். வெளியூருக்குத் தந்தி. அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. இப்போது சேனலில் போடுகிறோம், இரண்டு நிமிடத்தில் துபாய் வரைக்கும் தெரிந்துவிடுகிறது. கோயிலுக்குப் பின்தெருவில் தனியாக இருக்கிற ஆச்சிக்கு மட்டும் தெரியாமல் போகிறது. ஒரு முறை அப்படி ஆகி, கூடவே படித்த சிநேகிதியின் அடக்கத்துக்கு அவர் போகவில்லை. "எனக்கு யாருமே சொல்லலியே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதனால் மணியை நிறுத்தவில்லை. போன் கணக்கு எடுத்தபோது கிடைத்த வீடுகளை, ஸ்மார்ட்போன் இல்லாதவை, இருந்தும் பார்க்க முடியாதவை என்று ஒரு தாளில் தனியாக எழுதினோம். எங்கள் தாய் சபையில் 23 வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே பக்கத்தில் இருக்கிற ஒரு வாலிபப் பிள்ளையின் பெயர். சனிக்கிழமை ஐந்தரைக்கு நான் ஐயரிடம் நேரத்தையும் பாட்டு எண்களையும் கேட்டு வாங்குவேன். ஆறு மணிக்குச் சேனலில் போடுவேன், அதே வரிகளை ஆபீஸ் கிளார்க் இணையப் பக்கத்தில் மாற்றுவார். ஆறரைக்குள் அந்தப் பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு டிக் அனுப்புவார்கள். டிக் வராத வீட்டுக்கு நானே டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

பின்தெரு ஆச்சி வீட்டுக்குப் போகிற பிள்ளை பிளஸ் டூ படிக்கிறாள். பாட்டு எண்களைச் சொன்னதும் ஆச்சி கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தில் தீக்குச்சி வைத்து அடையாளம் பண்ணச் சொல்வாராம். இருட்டுவதற்குள் இரண்டு பேரும் ஒரு பாட்டைப் பாடிப் பார்த்துவிடுகிறார்கள்.